மைதானத்துக் கதவு

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். பைகிராப்ட்ஸ் ரோடு (இன்றைய பாரதி சாலை), ஜாம்பஜார், அப்புறம் பெல்ஸ் ரோடு. கல்லூரி நாட்களில் இந்த வழியில் எத்தனை தடவை போயிருப்போம்! ஆனால் ஒரு காலத்தில் அந்தக் கதவு நம்மவர்களுக்கு லேசில் திறந்ததில்லை.

1846-ல் பிறந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களின் கிளப். சேப்பாக்கம் அவர்கள் கோட்டை. இந்தியர்கள் ஆட வந்தாலும் பெவிலியனில் இடம் கிடையாது. மரத்தடியில்தான் சாப்பாடு என்று சொல்வார்கள்.

மயிலாப்பூர் லஸ் ஹவுஸைச் சேர்ந்த புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் சண்டைக்குப் போகவில்லை. 1888-ல், சுமார் இருபது வயதில், எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பையன்களுக்கு மட்டை, பந்து கொடுத்து ஆட்டத்தைப் பழக்கினார். வெள்ளைக்காரர்களோடு சமமாக மோதும் போட்டிக்கும் ஏற்பாடு செய்தார். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் 1908-ல் காலமானார்.

அவர் போட்ட விதை வீண்போகவில்லை. அவர் மகன் சி. ராமஸ்வாமி டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். 1934 நவம்பரில் முதல் ரஞ்சிப் போட்டி அதே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. மெட்ராஸின் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் ஒரே நாளில் தோற்றது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அங்கேதான். தோற்றது யார் தெரியுமா? இங்கிலாந்து! வினு மன்கட் 12 விக்கெட் சாய்த்தார்.

மரத்தடியிலிருந்து அந்த வெற்றி வரை 64 வருஷம். தொடக்கம் என்னவோ, ஒருவர் பையன்களுக்கு ஆட இடம் பண்ணிக் கொடுத்ததுதான்.

நான் இன்ஜினியர். காலி மனையைப் பார்த்தால் எத்தனை மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போடும் ஆள். அதனால் ஆட இடம் குறைந்ததில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது ராயப்பேட்டைச் சந்துகளில் பிள்ளைகள் ஆட்டோ வந்தால் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நம் கல்லூரி மைதானமோ ஞாயிற்றுக்கிழமை காலையில் பூட்டிக் கிடக்கிறது.

நண்பர்களே, நிர்வாகத்தைக் கேட்டுப் பார்ப்போமா? ஞாயிறு காலை மூன்று மணி நேரம் திறந்தால் போதும். வாட்ச்மேன் சம்பளத்தை நம் சங்கம் ஏற்கட்டும். முதல் வருஷத்துக்கு நான் தருகிறேன்.