சந்தைக்குச் சாதி தெரியாதா?

தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கும்போதெல்லாம் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: சந்தைக்குச் சாதி தெரியாது, திறமைசாலியை ஒதுக்கினால் முதலாளிக்குத்தானே நட்டம்? இப்படிக் கேட்பவர்களில் பலர் மில்டன் ஃப்ரீட்மனைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வாதத்தை உலகெங்கும் பரப்பியவர் அவர். 1962இல் வெளிவந்த 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' நூலில் பாகுபாட்டுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

ஒடுக்குமுறை என்னவென்று அறியாதவர் அல்ல ஃப்ரீட்மன். அன்றைய ஹங்கேரியிலிருந்து பிழைக்க வந்த யூதப் பெற்றோருக்கு 1912இல் புரூக்ளினில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தந்தையை இழந்தார். உதவித்தொகையை நம்பி ரட்கர்ஸில் படித்தார். 1940இல் வேலைக்குச் சேர்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யூத வெறுப்பைச் சந்தித்து, ஓராண்டில் வெளியேறினார். பிறகு சிகாகோவில் முப்பது ஆண்டுகள், 1976இல் நோபல்.

அவருடைய பெரிய ஆய்வு பணத்தைப் பற்றியது. 1929–33 பெருமந்தத்தில் பணப்புழக்கம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதை அமெரிக்க மத்திய வங்கி வேடிக்கை பார்த்தது என்று, அன்னா ஷ்வார்ட்ஸுடன் சேர்ந்து 1963இல் எழுதினார். பணத்தை அதிகாரிகளின் விருப்பத்துக்கு விடாதீர்கள், விதியால் கட்டுங்கள் என்றார். நமக்கு இது புதிதல்ல. 1923இல் 'ரூபாயின் சிக்கல்' நூலில் அண்ணல் அம்பேத்கரும் ரூபாய் வெளியீட்டுக்கு நிலையான வரம்பு கேட்டார். இருவரும் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

பாகுபாடு பற்றி ஃப்ரீட்மன் சொன்னது இது: ரொட்டி வாங்குகிறவர் கோதுமையை விளைவித்தது வெள்ளையரா கறுப்பரா என்று பார்ப்பதில்லை. ஆகவே நிறம் பார்க்கிற முதலாளி அதற்கொரு விலை கொடுக்கிறார். போட்டி அவரை மெல்லத் தள்ளிவிடும். நிறவெறியைத் தாம் வெறுப்பதாகச் சொன்னவர்தான். ஆனாலும் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை எதிர்த்தார். ஹிட்லரின் நியூரம்பெர்க் சட்டங்களின் கொள்கையோடு அதை ஒப்பிடவும் தயங்கவில்லை. 1964 தேர்தலில், சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த கோல்ட்வாட்டருக்குப் பொருளாதார ஆலோசகராக இருந்தார்.

அதே அத்தியாயத்தில் ஒரு கடைக்காரர் வருகிறார். கறுப்பரை வேலைக்கு வைத்தால் அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள். அவர் ஊரின் விருப்பத்தைத்தான் எதிரொலிக்கிறார், அவரைத் தண்டிப்பது ஏன் என்கிறார் ஃப்ரீட்மன். நமக்கு உடனே இரட்டைக் குவளை டீக்கடை கண்ணில் வருகிறது. எல்லோருக்கும் ஒரே குவளை என்று வைக்கிற கடைக்காரருக்குத்தான் அங்கே நட்டம். தனிக்குவளை வைப்பவருக்கு வியாபாரம். பாகுபாட்டுக்கே லாபம் கிடைக்கிற இடத்தில் போட்டி யாரைத் தள்ளும்?

தென் கரோலினாவின் துணி ஆலைகள் இதற்கு நல்ல சாட்சி. அரை நூற்றாண்டு, உலகப் போர்களின் ஆள் பஞ்சத்தையும் தாண்டி, அங்கே கறுப்பர்களின் பங்கு சொற்பமாகவே இருந்தது. 1965க்குப் பிறகு சட்டென்று உயர்ந்தது. கூட்டரசின் பாகுபாட்டு எதிர்ப்பு நடவடிக்கைகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்று 1989இல் காட்டியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெக்மன். அவரும் சிகாகோ பேராசிரியர்தான், நோபல் பெற்றவர்தான்.

ஃப்ரீட்மன் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் வேலை செய்வதை அந்த ஆலைகளில் தடுத்தது 1915இல் மாநில அரசே போட்ட சட்டம். அரசு விலகியிருந்தால் சந்தை சரிசெய்திருக்கும் என்பார்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். பெயரைப் பார்த்து ஆளை ஒதுக்கு என்று இங்கே எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கோதுமை மூட்டையில் உழவரின் பெயர் இருப்பதில்லை. விண்ணப்பத்தின் முதல் வரியே பெயர்தான்.