கேரள எல்லைப் பகுதிகளில் அறப்பணி: பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் இலக்கிய மரபில் அறப்பணி பசிப்பிணி போக்குதலிலிருந்து தொடங்குகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன், சிந்தாதேவியிடம் பெற்ற அமுதசுரபியைக் கொண்டு வறியோர்க்கும் உறுப்புக் குறையுடையோர்க்கும் உணவளிக்கிறான். அதே கலத்துடன் மணிமேகலை புகார் நகர உலக அறவியில் உணவிடுகிறாள். காப்பியம் அத்துடன் நின்றுவிடவில்லை. சிறைக்கோட்டத்தில் உள்ளோரின் பசியைத் தீர்த்தபின், அச்சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு அவள் சோழ மன்னனிடம் வேண்டுகிறாள், மன்னனும் இசைகிறான். இல்லாதோரின் தேவையை நிறைவு செய்தல் அறப்பணியின் முதற்கூறு என்றும், அவர்களை அந்நிலையில் வைத்திருக்கும் அமைப்பை மாற்றுதல் அதன் இரண்டாம் கூறு என்றும் இதனைப் பகுத்துக் காணலாம்.

இவ்விரு கூறுகளையும் அளவுகோலாகக் கொண்டு, தமிழகத்தை ஒட்டிய கேரள எல்லைப் பகுதிகளில் கடந்த ஒரு நூற்றாண்டில் நிகழ்ந்த அறப்பணிகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பாலக்காட்டுச் சபரி ஆசிரமம், மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்கள், அட்டப்பாடிப் பழங்குடி ஊர்கள் ஆகிய மூன்று களங்கள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

களமும் மக்களும்

பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இடுக்கியின் மலைப்பகுதிகள் திருவிதாங்கூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அவை கேரளத்தில் நின்றன. 1972 ஜனவரி 26 அன்று உருவான இடுக்கி மாவட்டத்தின் பகுதிகளாயின.

இவ்வெல்லையில் உதவி நாடிநின்ற மக்கள் ஒரு தன்மையர் அல்லர். பாலக்காட்டுச் சமவெளியில் தீண்டாமையால் ஒதுக்கப்பட்டோர், இடுக்கி மலைகளில் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட கூலித் தொழிலாளர், அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் எனப் பலதிறத்தினர் ஆவர். தாம் உழைத்த நிலத்தின் மீதும் வாழ்ந்த இடத்தின் மீதும் உறுதியான உரிமை இன்றி இருந்தமை இவர்களுள் பெரும்பாலோர்க்குப் பொதுவான குறையாகும்.

சபரி ஆசிரமம்: உடன் உண்ணலும் உடன் உறைதலும்

பாலக்காட்டுக் கல்பாத்தி, தமிழ் அந்தணர் அக்கிரகாரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூரினரான டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டவர். 1923ஆம் ஆண்டு பாலக்காட்டில் சரோஜினி நாயுடு தலைமையில் கேரள அரசியல் மாநாடு நடைபெற்றது. அதனையொட்டி நிகழ்ந்த சமபந்தி உணவில் கலந்துகொண்டமைக்காக அவர் தம் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்பட்டார். அக்காலகட்டத்தில் அவர் நிறுவியதே அகத்தேத்தறையில் அமைந்த சபரி ஆசிரமம். ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைகள் பிற சாதிக் குழந்தைகளுடன் ஒரே கூரையின் கீழ்த் தங்கி, உண்டு, பயில்வதற்கு அங்கு வழி செய்யப்பட்டது. அவருடைய துணைவியார் ஈசுவரி அம்மாளும் இப்பணியில் பங்கேற்றார். காந்தியடிகள் 1925, 1927, 1934 ஆகிய ஆண்டுகளில் இவ்வாசிரமத்திற்கு வருகை புரிந்தார்.

இப்பணியின் அருமையை அதன் காலச் சூழலில் வைத்தே உணரமுடியும். 1924ஆம் ஆண்டு கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவுக்குள் நுழைந்த ஈழவர் தாக்கப்பட்டனர். தெருவில் நடக்கும் உரிமை மறுக்கப்பட்ட நிலையில் ஈழவர் சிலர் ஆரிய சமாஜத்தைத் தழுவினர். ஒரு தெருவில் நடப்பதே பூசலுக்குக் காரணமான ஊரின் அருகில், அதே அக்கிரகாரத்தைச் சேர்ந்த ஒருவர் அனைத்துச் சாதிக் குழந்தைகளையும் ஒரே பந்தியில் அமர்த்தினார் என்பது கருதத்தக்கது.

அன்னதானம் பாலக்காட்டுக்குப் புதிதன்று. கோயில்களிலும் ஊட்டுப்புரைகளிலும் உணவு வழங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. எனினும் அவற்றில் யார் எங்கு அமரலாம் என்பதைச் சாதி வரையறுத்தது. உண்பதால் அவ்வரையறை மாறவில்லை. சபரி ஆசிரமத்தில் வழங்கப்பட்ட உணவு அளவில் சிறிது. ஆயின் உண்பவரின் சமூக நிலையை அது மாற்ற முயன்றது. அவ்வகையில் முன்னர்க் குறித்த இரண்டாம் கூறு இங்கு முதன்மை பெறுகிறது. கிருஷ்ணசாமி ஐயர் வைக்கம் அறப்போரிலும் 1930ஆம் ஆண்டின் உப்பு அறப்போரிலும் பங்கேற்றமை இப்பணியின் தொடர்ச்சியே எனலாம்.

தேயிலைத் தோட்டங்கள்: நலப்பணியும் சட்டமும்

1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாற்று அரசர் கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமையளித்தார். அதன்பின் காடுகள் அழிக்கப்பட்டுச் சிங்கோனாவும் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. போடிநாயக்கனூர், கம்பம், கூடலூர் மலைவழிகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்துடன் ஏறினர். அவர்கள் தங்கிய வரிசை வீடுகள் 'லயம்' எனப்பட்டன. ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட இவ்வீடுகளே நான்கு தலைமுறைக்கும் மேலாக அவர்களின் வாழிடமாயின. 1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாற்றை அழித்தது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு தொடர்வண்டிப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. தேயிலைத் தோட்டங்கள் மீண்டன. தொழிலாளரும் லயங்களிலேயே தொடர்ந்தனர்.

தொடக்கக் காலத்தில் மருத்துவம், பள்ளி ஆகியன தோட்ட உரிமையாளரின் விருப்பத்தையும் திருச்சபைகளின் பணியையும் சார்ந்திருந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்நிலையை மாற்றியது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவம், குழந்தைக் காப்பகம், தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி ஆகியன உரிமையாளரின் சட்டக் கடமைகளாயின. கருணையால் வழங்கப்பட்டவை கேட்டுப் பெறத்தக்கவையாக ஆயின என்பது இச்சட்டத்தின் வரலாற்றுச் சிறப்பாகும். பின்னர் 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் இப்பொருள்கள் கொண்டுவரப்பட்டன.

சட்டம் சுட்டாத தேவையை நிறைவு செய்ததில் சிருஷ்டி நலமையம் குறிப்பிடத்தக்கது. டாட்டா தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் 1991ஆம் ஆண்டு மூணாற்றில் இது தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளியும், வளர்ந்தோர்க்குத் தொழிற்கூடங்களும் இங்கு அமைந்தன. கழிவுத்தாளிலிருந்து கையால் தாள் செய்தல், இலை, பட்டை முதலியவற்றிலிருந்து பெறும் இயற்கைச் சாயங்களால் துணிக்கு நிறமேற்றுதல், செம்புற்றுப் பழப்பாகு செய்தல் ஆகியன அத்தொழில்களாகும். பெற்றோர் இருவரும் கொழுந்தெடுக்கச் செல்லும் குடும்பத்தில் உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உடைய பிள்ளை லயத்து அறையிலேயே தங்க நேர்ந்த நிலையில், அப்பிள்ளை கூலி பெறும் தொழிலாளியாக மாற இந்நிறுவனம் வழிசெய்தது.

எனினும் நலப்பணியும் சட்டமும் ஓர் எல்லைக்குட்பட்டே இயங்கின. லயம் வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் எவரேனும் தோட்டத்தில் வேலை செய்யும்வரை மட்டுமே அவ்வீடு அவர்களுக்கு உரியது. இதனால் ஓய்வு பெறும் தொழிலாளி, வீட்டைக் காத்துக்கொள்ளும் பொருட்டு மகனையோ மகளையோ அதே வேலைக்கு அனுப்ப நேர்ந்தது. பீர்மேட்டில் 1990களின் இறுதியில் ஏற்பட்ட தேயிலை விலைவீழ்ச்சிக்குப்பின் தோட்டங்கள் சில மூடப்பட்டபோது இவ்வமைப்பின் குறை வெளிப்பட்டது. கடமையாற்ற வேண்டிய உரிமையாளர் விலகியதும் மருத்துவமனையும் காப்பகமும் நின்றன. பழுதடைந்த லயங்களில் தொழிலாளர் ஊதியமின்றித் தங்கினர். அரசின் இலவச அரிசியும் தொண்டு நிறுவனங்களின் உதவியும் அவர்களுக்குத் துணையாயின. சட்டத்தால் உரிமையாகியிருந்த உதவி அங்கு மீண்டும் ஈகையானது.

மூணாற்றுப் பெண் தொழிலாளர் 2015 செப்டம்பரில் நடத்திய போராட்டம் இப்பின்னணியில் நோக்கத்தக்கது. அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். போனசு 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் அவர்கள் மூணாற்றில் திரண்டனர். ஒன்பது நாட்களுக்குப்பின் 20 விழுக்காட்டுத் தொகை ஏற்கப்பட்டது. தம் பொருட்டுப் பிறர் பேசும் நிலையை மறுத்துத் தாமே பேசியமை இப்போராட்டத்தின் தனித்தன்மை எனலாம்.

வீட்டுச் சிக்கலின் கொடிய விளைவு 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நிகழ்ந்தது. மலைச்சரிவில் லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு பகுதியில் வேர்கொண்ட குடும்பத்தினர். தகவல் தொடர்பு அற்றிருந்தமையால் செய்தி மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டியது. பின்னர்க் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு அளித்த நிலத்தில் எட்டுக் குடும்பங்களுக்குத் தோட்ட நிறுவனம் வீடு கட்டித் தந்தது. தலைமுறைகளாகக் கிடைக்காத சொந்த வீடு பேரிழப்பிற்குப் பின்னரே சிலர்க்குக் கிட்டிற்று.

அட்டப்பாடி: நிலமிழப்பும் சமூகச் சமையற்கூடமும்

கோவை, நீலகிரி மாவட்டங்களை ஒட்டிய அட்டப்பாடியில் 1951ஆம் ஆண்டு மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கினர் பழங்குடியினர். 2011ஆம் ஆண்டில் அவர்கள் பாதிக்கும் குறைந்தனர். குடியேற்றத்தால் நிலம் கைமாறியது. பழங்குடியினரின் நிலத்தை மீட்டளிக்க 1975ஆம் ஆண்டு கேரளம் சட்டம் இயற்றியது. ஆயின் அது முறையாக நடைமுறைக்கு வரவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டு எக்டேர் வரையிலான நிலத்தை வாங்கியோரிடமே விட்டு, இழந்தோர்க்கு மாற்றுநிலம் தரும் முறையைக் கொணர்ந்தது. ராகி, சாமை, தினை, துவரை, கீரை வகைகள் ஆகியன விளைந்த நிலம் சுருங்கியபோது உணவும் சுருங்கியது. பங்கீட்டுக் கடை அரிசி வயிற்றை நிரப்பினும் இழந்த சத்தை ஈடுசெய்யவில்லை.

இப்பகுதியில் உதவிப்பணிகள் குறைவல்ல. சப்பானிய நிதியுதவியுடன் 1990களின் நடுவில் தொடங்கிய சூழல் மீட்புத் திட்டம் மண்ணையும் நீரையும் காக்க முயன்றது. 2002ஆம் ஆண்டு முதல் அகளியில் சுவாமி விவேகானந்த மருத்துவ மையம் பழங்குடியினர்க்கு மருத்துவம் அளித்துவருகிறது. இவற்றுக்கிடையிலும் 2013ஆம் ஆண்டில் தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக் குறைவும் காரணமாகப் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது.

அவ்வாண்டே ஊர்தோறும் சமூகச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டன. 1998ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாகப் பழங்குடிப் பெண்களே இவற்றை நடத்தினர். கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், முதியோர் ஆகியோர் இங்கு உண்டனர். சமைப்போரும் உண்போரும் ஒரே ஊரினர். உணவு பெறாதவர் யார் என்பதை அறிந்தோர் அவர்களே. சிறுதானியப் பயிர்களை மீட்கும் முயற்சியும் பின்னர் இதனுடன் சேர்ந்தது. அமுதசுரபியை ஏந்துபவள் வெளியிலிருந்து வராமல் அவ்வூரிலேயே இருந்தமை இத்திட்டத்தின் வலிமையாகும்.

ஆயினும் 2018 பிப்ரவரி 22 அன்று, உணவுப் பொருள்களைத் திருடினார் எனக் குற்றஞ்சாட்டிப் பழங்குடி இளைஞர் ஒருவரைக் கும்பல் ஒன்று முக்காலிப் பகுதியில் அடித்தது, அவர் உயிரிழந்தார். 2023ஆம் ஆண்டு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பழங்குடியினரின் முன்னோர் நிலத்தில், உணவின் பொருட்டு அவர்களுள் ஒருவர் கொல்லப்பட்டார் என்பது, ஊரில் சமையற்கூடம் இயங்கிய பின்னும் நிலவிய இடைவெளியைப் புலப்படுத்துகிறது.

தொகுப்புரை

மேற்கண்ட மூன்று களங்களையும் ஒப்புநோக்குங்கால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. சபரி ஆசிரமம் குறைந்த பொருளைக் கொண்டு உண்பவரின் சமூக நிலையை மாற்ற முனைந்தது. தோட்டப் பகுதிகளில் நலப்பணி சட்டக் கடமையாக உயர்ந்தது. ஆயின் வீட்டுரிமை அதனுள் அடங்காமையால், வேலை நின்றபோது பிறவும் நின்றன. சிருஷ்டி நலமையமும் அட்டப்பாடிச் சமையற்கூடங்களும் பயன்பெறுவோரையே பணி செய்வோராக ஆக்கியதால் வேரூன்றின. எனினும் லயத்துக்கும் இழந்த நிலத்துக்கும் இவற்றால் தீர்வு காண இயலவில்லை.

இவ்வெல்லைப் பகுதிகளில் கொடுத்தோர் இல்லாத காலம் இருந்ததில்லை. உணவும் மருந்தும் கல்வியும் வெவ்வேறு கைகளிலிருந்து வந்துள்ளன. வீடும் நிலமும் மட்டுமே ஒவ்வொரு காலத்தும் எஞ்சிய தேவைகளாக நின்றன. அவை ஈகையால் நிறைவு பெறுவன அல்ல. அரசின் ஆணையாலும் சட்டத்தாலும் பெறத்தக்கவை. சிறைக்கோட்டத்து மாந்தரின் பசியைத் தீர்த்த மணிமேகலை, கோட்டத்தை மாற்றும் வேண்டுகோளை மன்னனிடம் கொண்டுசென்றமைக்கும் இதுவே காரணம். எல்லைப் பகுதி அறப்பணி வரலாற்றில் அவ்வேண்டுகோள் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பது இவ்வாய்வால் தெளிவாகிறது.