பாலுவை டீமில் எடுக்கலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பேச்சு ஆரம்பித்தால் தட்டில் சாம்பார் ஆறிப்போகும். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பேச்சு எங்கெங்கோ சுற்றி 2017 ஐபிஎல்லில் வந்து நின்றது. அந்த வருஷம் எங்க புனே டீம் பென் ஸ்டோக்ஸை பதினாலரைக் கோடிக்கு எடுத்தது, ஃபைனலில் மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் கோட்டை விட்டது. ஆனால் குவாலிஃபையரில் அதே மும்பையைக் கவிழ்த்தது யார்? அடிபட்ட அஸ்வினுக்குப் பதிலாக வந்த 17 வயது சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர். 16 ரன் கொடுத்து 3 விக்கெட். "பேர் தெரியாத ஸ்பின்னரை தைரியமா எடுக்கணும்ப்பா" என்றான் என் பையன்.

"இதே ஊர்ல இதைவிடப் பெரிய செலக்‌ஷன் பஞ்சாயத்து ஒண்ணு 1890கள்ல நடந்திருக்குடா" என்று ஆரம்பித்தேன். தங்கமணி உடனே தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். (அனுபவம்!) அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதி முடிக்கிறேன். கொசுவத்தி சுருள் கொஞ்சம் பெரிசு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ட் கார்டன் ரோடு பக்கம் போகிறவர்களுக்கு பூனா கிளப் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அது வெள்ளைக்காரர்களின் இடம். 1892 வாக்கில் அங்கே பல்வங்கர் பாலு என்று ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். தார்வாடில் பிறந்தவன், தோல் தொழில் செய்யும் சமார் சாதி, அப்பா ராணுவத்தில் வேலை. பாலுவின் வேலை பிட்ச்சுக்கு ரோலர் இழுப்பது, வலை கட்டுவது, கோடு போடுவது. மாதச் சம்பளம் நாலு ரூபாய். ஓய்ந்த நேரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வலையில் பந்து போடச் சொன்னார்கள். இடது கை ஸ்பின். போடப் போட கை திருந்தியது.

பாலுவிடம் அதிகம் பயிற்சி எடுத்தவர் ஜே.ஜி. க்ரெய்க் என்ற கேப்டன். அன்றைக்கு இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார பேட்ஸ்மேன்களில் முக்கியமான ஆள். தன்னை ஒரு தடவை அவுட்டாக்கினால் பாலுவுக்கு எட்டணா கொடுப்பாராம். வங்கிக்காரன் புத்தி, கணக்கு போட்டுப் பார்த்தேன்: எட்டு தடவை அவுட்டாக்கினால் ஒரு மாதச் சம்பளம். அதைவிட நல்ல இன்சென்டிவ் ஸ்கீம் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு விஷயம், மணிக்கணக்கில் பந்து போட்ட பாலுவின் கையில் யாரும் பேட்டைக் கொடுக்கவில்லை. பேட்டிங் துரைமாருக்கு மட்டும்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். ஊரில் இந்துக்களின் கிரிக்கெட் டீம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு பூனா கிளப் துரைமாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசை. துரைமாரில் யாருக்கு எந்தப் பந்து ஆகாது என்று விரல் நுனியில் வைத்திருந்த ஒரே ஆள் அவர்களுக்கு ரோலர் இழுக்கும் பாலு. எடுக்கலாமா, வேண்டாமா?

ஆட்டத்தை மட்டும் பார்த்தால் இதில் பேசவே ஒன்றுமில்லை. ஆனால் டீமில் இருந்தவர்கள் பலர் பூனா பிராமணர்கள். எடுத்தால் ஒரே பந்தை எல்லோரும் தொடவேண்டும், ஒரே பெவிலியனில் உட்காரவேண்டும், டீ வரும், மத்தியானம் சாப்பாடு வரும். பந்து தோல். அந்தத் தோலைப் பதப்படுத்துகிற சாதிக்காரன் பந்தைத் தொட்டால்தான் தீட்டு! இதை யோசித்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும்.

கடைசியில் வாயைத் திறந்தது க்ரெய்க் துரை. பாலுவின் திறமையை வேண்டாம் என்று ஒதுக்கினால் இந்துக்கள் முட்டாள்கள் என்கிற மாதிரி பத்திரிகையிலேயே சொன்னார். நியாய உணர்ச்சியா, நல்ல பௌலருக்கு எதிராக நிஜ மேட்ச் ஆடவேண்டும் என்ற ஆட்டக்காரனின் ஆசையா? இரண்டும் இருந்திருக்கும். எப்படியோ, பாலுவை எடுத்தார்கள்.

எப்படி எடுத்தார்கள் என்பதுதான் விஷயம். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். டீ இடைவேளையில் பாலுவுக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறிகிற மண் குவளையில் டீ. சாப்பாடு தனி மேஜையில், தனித் தட்டில்.

இதைப் படித்தபோது எனக்கு பூனா ஞாபகம் வரவில்லை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைதான் ஞாபகம் வந்தது. 80களின் கடைசி. எங்களுக்கு உள்ளே பெஞ்ச், கண்ணாடி டம்ளர். சில பேருக்கு வெளியே, ஓலைத் தட்டியில் செருகி வைத்த தனி டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்கவேண்டும். அதில் ஒருவர் எங்கள் தெரு வாலிபால் டீமில் செட்டர். நாங்கள் அண்ணே அண்ணே என்று பின்னாலேயே சுற்றுவோம். கப் ஜெயித்துவிட்டு வந்த அன்றைக்கும் அவர் டீ குடித்தது வெளியேதான். நான் உள்ளே உட்கார்ந்து பட்டர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன். பத்து வயசுப் பையனுக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லத் தோன்றவில்லை.

பாலுவை எடுத்ததற்கு பலன் உடனே தெரிந்தது. பூனா கிளப்பை ஜெயித்தார்கள். சதாராவில் இருந்த வெள்ளைக்காரர் கிளப், இவருடைய பந்து திரும்பக்கூடாது என்று ஒரு வாரமாக பிட்ச்சை உருட்டி உருட்டி வைத்திருந்ததாம். ரோலர் இழுத்தே வளர்ந்த ஆளுக்கு எதிராக ரோலர்! ஏழு விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு ரானடே, சேர்ந்து விளையாட முடியுமென்றால் சேர்ந்து சாப்பிடவும் முடியவேண்டும் என்று மேடையில் பேசினார். திலகரும் பாலுவைப் பாராட்டினார்.

பூனாவில் பிளேக் வந்தபோது பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே இந்து ஜிம்கானாவில் மறுபடி அதே முணுமுணுப்பு, மறுபடி எடுத்தார்கள். 1906ல் பம்பாயில் வெள்ளைக்காரர்களுடன் மேட்ச். இந்துக்கள் 242, 160. வெள்ளைக்காரர்கள் 191, 102. 109 ரன் வித்தியாசம். டீமில் பாலுவின் தம்பி சிவராமும் இருந்தார். பூனாவில் சேர்ந்து விளையாட மட்டும் விட்டார்கள், பம்பாயில் சேர்ந்து சாப்பிடவும் விட்டார்கள் என்று அப்போது ஒரு பத்திரிகை கணக்கெடுத்து எழுதியது.

1911ல் முதல் அகில இந்திய டீம் இங்கிலாந்து போனது. பாட்டியாலா மகாராஜா கேப்டன். டீம் உதை வாங்கியது, பாலு மட்டும் 114 விக்கெட். அதில் 75 முதல் தர ஆட்டங்களில். அந்த டீமில் விக்கெட் கீப்பர் நம்ம சென்னை சேஷாச்சாரி. பாலுவின் சுழலை ஸ்டம்ப்புக்குப் பின்னால் நின்று பிடித்தது ஒரு தமிழ்க்கை என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம், ஹி ஹி. மொத்தம் 33 முதல் தர ஆட்டங்கள், 179 விக்கெட், சராசரி 15.21. யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

எங்கள் தொழிலில் கடன் விண்ணப்பம் வந்தால் வருமானம், பழைய கடன் அடைத்த விதம் இதையெல்லாம் பார்த்து மார்க் போடுவோம். மார்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும், "ஆள் யாரு, என்ன பின்னணி?" என்று ஒரு குரல் வரும். பாலுவின் ஃபைல் முழுக்க நல்ல மார்க். கடனும் கிடைத்தது. கேப்டன் பதவி என்ற லிமிட் மட்டும் கடைசிவரை சாங்ஷன் ஆகவில்லை.

வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தார்கள். 1913ல் கேப்டனான எம்.டி. பையே, இது சீனியரான பாலுவுக்குப் போயிருக்க வேண்டிய மரியாதை என்று பாராட்டு விழாவில் வெளிப்படையாகச் சொன்னார். 1920ல் பாலுவையே டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைக்கு உடம்பு சரியில்லை என்றதும், தம்பி விட்டலைத் தாண்டி பூனாவின் தேவ்தரை கேப்டனாக்கினார்கள். (தேவ்தர் டிராபி இவர் பெயரில்தான். பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை.) சிவராமும் விட்டலும் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்துவிட்டு டீமைவிட்டு விலகினார்கள். ஊரில் சத்தம் கிளம்பியது. கமிட்டி இறங்கி வந்தது. தம்பிகள் திரும்பினார்கள், பாலு வைஸ் கேப்டன். 1923ல் விட்டலே கேப்டன் ஆனார், இந்துக்கள் கோப்பையும் ஜெயித்தார்கள்.

பூனா கிளப்பிலிருந்து கிளம்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எரவாடா. 1932 செப்டம்பர் 24, அங்கே சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருக்கும்போது பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டவர்களில் அம்பேத்கர் உண்டு, நம்ம ஊர் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி உண்டு, பி. பாலுவும் உண்டு. இந்த ஊரில் நாலு ரூபாய்க்கு ரோலர் இழுத்தவர். இளைஞர் அம்பேத்கருக்கு ஒரு காலத்தில் பாலு ஹீரோ. 1937 தேர்தலில் காங்கிரஸ் அதே அம்பேத்கருக்கு எதிராக பாலுவை நிறுத்தியது. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. எனக்கு அந்த செலக்‌ஷன் பிடிக்கவில்லை. பாலுவைப் பயன்படுத்தத் தெரிந்த இன்னொரு கமிட்டி, அவ்வளவுதான்.

பையனிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் வேறொரு ஊரில், கிளைகளுக்கு இடையே கிரிக்கெட் போட்டி. எங்கள் கிளையில் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் ஒரு பையன். சாயங்காலம் பார்க்கிங்கில் எங்களுக்குப் பந்து போடுவான், ஒருத்தராலும் தொடமுடியாது. டீம் லிஸ்ட் போட உட்கார்ந்த மூன்று பேரில் நானும் ஒருவன். ஒருவர் அவன் பெயரைச் சொன்னார். இன்னொருவர், "அவன் ஸ்டாஃப் இல்லையே. ப்ராக்டிஸுக்கு மட்டும் வரச் சொல்லுங்க" என்றார். ரூல்படி சரிதான். ஆனால் ஸ்பெஷல் பெர்மிஷன் கேட்க வழி இருந்தது, அது எனக்குத் தெரியும். நான் லிஸ்ட்டில் அடுத்த பெயரை எழுதினேன். மேட்ச் முடிகிறவரை அவன் தினமும் வந்து பந்து போட்டான், "நல்லா ஆடுங்க சார்" என்றான். முதல் ரவுண்டிலேயே தோற்றோம்.

பாலு 1955ல் இறந்தார். ராத்திரி படுக்கப் போகிறபோது பையன் வந்து, "அப்போ அவர் ஒரு மேட்ச் கூட கேப்டனா இல்லையாப்பா?" என்றான்.

"1920 ஃபைனல்ல பை வேணும்னே கொஞ்ச நேரம் ஃபீல்டை விட்டு வெளியே போனார்டா. அந்த நேரம் பாலுதான் கேப்டன்" என்றேன்.

"எவ்ளோ ஓவர்?"