எட்டுத் துண்டாக வெட்டிய கட்டை

இரண்டு அங்குலப் பக்கமுள்ள ஒரு மரக் கனசதுரம். நீளத்தில் ஒரு வெட்டு, அகலத்தில் ஒரு வெட்டு, உயரத்தில் ஒரு வெட்டு. ஓர் அங்குலக் கட்டைகள் எட்டு கிடைக்கும். இழுத்துத் திறக்கும் மூடி போட்ட மரப்பெட்டிக்குள் அந்த எட்டும் இடைவெளியில்லாமல் உட்காரும். மழலையர் வகுப்புகளின் மூலையில் இன்று குவிந்து கிடக்கும் கட்டைகளுக்குப் பூர்வீகம் இந்தப் பெட்டிதான். ஊர், ஜெர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியிலுள்ள பிளாங்கன்பர்க். காலம், 1830-களின் கடைசி.

செய்யச் சொன்னவர் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். வனத்துறை வேலை, நில அளவை, கட்டடக்கலை என்று அலைந்து ஆசிரியரானவர். நெப்போலியனுக்கு எதிரான போரிலிருந்து திரும்பியதும், பெர்லினில் கனிமவியல் பேராசிரியர் வைஸிடம் உதவியாளராகச் சேர்ந்து படிகக் கற்களை வகைபிரித்தார். கல்லுக்குள்ளே இவ்வளவு ஒழுங்கு இருக்குமானால், வளரும் பிள்ளைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தே தீரும் என்ற நம்பிக்கை அங்கேதான் ஊறியது. பிள்ளைகளுக்காக அவர் வரிசையாக உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களுக்கு 'கொடை' என்று பெயர் வைத்தார். கம்பளி நூல் பந்துகள் முதல் கொடை. மரப்பந்து, உருளை, கனசதுரம் இரண்டாவது. நம் எட்டுக் கட்டைப் பெட்டி மூன்றாவது.

கொடை என்று பெயர் இருந்தாலும் அள்ளி விளையாடிவிட முடியாது. பெட்டியை மேசைமேல் கவிழ்த்து, மூடியை உருவி, பெட்டியை மெல்லத் தூக்க வேண்டும். முழுக் கனசதுரமாகக் கட்டை நிற்க வேண்டும். துண்டாகச் சிதறக் கூடாது. எட்டுக் கட்டையில் ஒன்றுகூட மிச்சமாகக் கூடாது. கட்டியதைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்கவும் கூடாது. நாற்காலியை ஒவ்வொரு கட்டையாக நகர்த்திக் கட்டிலாக்க வேண்டும். முடிந்ததும் எல்லாம் மறுபடி கனசதுரமாகிப் பெட்டிக்குள் போக வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு இடித்துத் தள்ளுவதில் இருக்கும் இன்பத்தை அந்தப் பெரியவர் எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் கொடைகளை வைத்து ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர். 1851-இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. கார்ல் ஃப்ரோபெல் என்ற அண்ணன் மகன் எழுதிய சிறுநூலைப் பார்த்து, சிற்றப்பா பெயரோடு குழப்பிக்கொண்டார்கள். மறு ஆண்டே ஃப்ரோபெல் இறந்தார். தடை நீங்கியது 1860-இல்.

கட்டை அதற்குள் கப்பலேறிவிட்டது. 1848 புரட்சி தோற்ற பிறகு நாட்டைவிட்டு வந்த ஜெர்மானியக் குடும்பங்களோடு அது அமெரிக்கா போனது. 1856-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மார்கரெதே ஷுர்ஸ் தன் மகளுக்காகவும் உறவுக் குழந்தைகளுக்காகவும் ஜெர்மன் மொழியில் ஒரு வகுப்பு தொடங்கினார். 1860-இல் பாஸ்டனில் எலிசபெத் பீபாடி ஆங்கிலத்தில் தொடங்கினார். பீபாடியின் பேச்சைக் கேட்டு மயங்கிய மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் வியாபாரி, 1869 முதல் கொடைகளை இயந்திரத்தில் அறுத்து விற்கத் தொடங்கினார். 1873-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் புளோ அரசுப் பள்ளிக்குள்ளேயே கிண்டர்கார்டனைக் கொண்டுவந்தார். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். மகன் பெயர் ஃப்ராங்க் லாய்டு ரைட். பின்னாளில் பெரும் கட்டடக் கலைஞரான அவர், அந்த மேப்பிள் கட்டைகள் தன் விரல்களில் தங்கிவிட்டதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வகுப்பு பெருகப் பெருக விதியும் இறுகியது. அங்குலத்துக்கு ஒரு கோடு கீறிய மேசை. ஆசிரியை சொல்லச் சொல்ல எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை நகர்த்தும். ராணுவ அணிவகுப்புதான், உட்கார்ந்தபடி. இதை உடைக்கத் தொடங்கியவர்களில் ஒருவர் பாட்டி ஸ்மித் ஹில். இன்று பிறந்தநாளுக்கு நாம் பாடும் மெட்டு, இவரும் இவர் அக்காவும் மழலையர் வகுப்புக் காலை வணக்கமாக அமைத்தது. ஹில் கட்டையைப் பெரிதாக்கி, மேசையிலிருந்து தரைக்கு இறக்கினார்.

அதற்கடுத்தவர்தான் என் பார்வையில் இந்தக் கதையின் நாயகி. கரோலின் பிராட், மரவேலை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. ஃப்ரோபெல் பயிற்சி அவருக்கு ஒட்டவில்லை. தோழியின் ஆறு வயது மகன் கட்டை, டப்பா, கையில் கிடைத்த பொம்மை எல்லாவற்றையும் வைத்துத் தரையில் ரயில் பாதை அமைப்பதைப் பார்த்தார். இதுதான் படிப்பு என்று முடிவுசெய்தார். 1914-இல் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் பள்ளி தொடங்கி, தன் கட்டையை உள்ளே கொண்டுவந்தார். நீளம் ஐந்தரை அங்குலம், அகலம் இரண்டே முக்கால், கனம் அதில் பாதி. கனத்துக்கு இரட்டிப்பு அகலம், அகலத்துக்கு இரட்டிப்பு நீளம். வர்ணம் கிடையாது, படம் கிடையாது. பிள்ளைகள் ஹட்சன் ஆற்றுத் துறைமுகத்துக்குப் போய்ப் படகும் சரக்கும் பார்த்துவிட்டு வந்து தரையில் துறைமுகம் கட்டினார்கள். நீளக் கட்டை தீர்ந்துபோனால் இரண்டு குட்டையைச் சேர்த்துவைத்து இடத்தை நிரப்பினார்கள். அரை, கால், இரட்டிப்பு எல்லாம் கைவழியாகவே புரிந்தது. அளவு துல்லியமாக இருந்தால்தான் இது நடக்கும். நூலளவு பிசகினாலும் பாலம் ஆடும், பிள்ளைக்குக் கணக்கு பொய்க்கும்.

அதே வட்டாரத்தில் மழலையர் வகுப்பு நடத்திய ஹாரியட் ஜான்சன் 1933-இல் கட்டை அடுக்கும் கலை பற்றிச் சிறுநூல் எழுதினார். முதலில் குழந்தை கட்டையைத் தூக்கிக்கொண்டு சும்மா நடக்கும். பிறகு வரிசை, அடுக்கு. இரண்டை நிறுத்தி மேலே ஒன்றைப் பாலமாக வைக்கத் தெரிவது ஒரு பெரிய தாவல். பிறகு நான்கு பக்கமும் அடைப்பது. பிறகு இருபுறமும் ஒத்த அழகு. கடைசியில் 'இது ஆஸ்பத்திரி' என்று பெயர் வைப்பது. இந்த வரிசையைக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஃப்ரோபெல் தேடிய உள்ளொழுங்கு இருந்தது உண்மைதான். அது வெளிவர அவருடைய விதிகளை நீக்க வேண்டியிருந்தது.

பிராட் தன் கட்டைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் அறுத்து விற்கலாம். அப்படித்தான் அது உலகம் முழுக்கப் பரவியது. அவர் தொடங்கிய பள்ளியில் இன்றும் அதே அளவுக் கட்டைகள்தான்.

எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுத்துப் பயிற்சி நோட்டைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கட்டைகள் எங்கே என்றும் கேளுங்கள். பீரோவுக்கு மேலே பளபளப்பாக இருந்தால் வேறு பள்ளி தேடலாம். பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், விளிம்பு மழுங்கி அழுக்கேறிக் கிடந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.