800 மீட்டரும் ஐந்து கிலோமீட்டரும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரில், ஒரு சனிக்கிழமைக் காலை. பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குத் துணையாக ஐந்து கிலோமீட்டர் ஓட ஒப்புக்கொண்டு போயிருந்தேன். அவள் அம்மாவுக்கு அன்று வேலை நாள். 'கேர்ள்ஸ் ஆன் த ரன்' அமைப்பு பருவத்தின் இறுதியில் நடத்தும் ஓட்டம் அது. 1996இல் மோலி பார்க்கர் என்ற பெண் இதே நகரில் 13 சிறுமிகளோடு தொடங்கிய பயிற்சி இன்று அமெரிக்கா முழுவதும் நடக்கிறது. சிறுமிகள் பள்ளி விட்ட பிறகு கூடி ஓடுகிறார்கள். நடுநடுவே உட்கார்ந்து பேசுகிறார்கள்: தோழி கேலி செய்தால் என்ன சொல்வது, கோபம் வந்தால் என்ன செய்வது, 'என்னால் ஆகாது' என்று மனசு சொன்னால் அதற்கு என்ன பதில் சொல்வது. கடைசியில் இந்த ஓட்டம். யார் முதலில் வந்தார்கள் என்று பார்ப்பதில்லை. அன்று எல்லாச் சிறுமிகளின் சட்டையிலும் குத்தியிருந்த எண் 1தான்.

துணைக்கு வந்த எங்களுக்குச் சொன்ன விதியும் ஒன்றுதான். வேகத்தை அவள் முடிவு செய்வாள். நாங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

மூன்றாவது கிலோமீட்டரில் அவள் முகம் சிவந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "போதும், உன்னால் முடியாது, ஓரமாக உட்காரலாம்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் அது என் அம்மாவின் குரல். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் நிறுத்துறேன்னு சொல்லவே இல்லையே" என்றாள். மூச்சு வாங்க, மெல்ல நடக்கத் தொடங்கினாள்.

ஏழாம் வகுப்பு வரை நானும் பள்ளியில் ஓடியவள். வயசுக்கு வந்த பிறகு, "இனி ஓடாதே, கர்ப்பப்பை இறங்கிடும்" என்றார்கள் வீட்டில். பி.டி. பீரியடில் பெரிய பெண்கள் நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதினோம். ஏன் என்று எந்த ஆசிரியரும் கேட்கவில்லை. இது எங்கள் ஊரின் அறியாமை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பெண்களின் ஓட்ட வரலாற்றைப் படித்தபோதுதான், இதே கர்ப்பப்பைக் கதையைச் சொல்லித்தான் மேற்கிலும் பெண்களை உட்கார வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வேண்டும் என்று பிரான்சின் அலிஸ் மிலியா கேட்டார். கிடைக்கவில்லை. 1922இல் பாரிசில் பெண்களுக்கென்றே தனிப் போட்டிகளை நடத்திக் காட்டினார். அதில் 1000 மீட்டர் ஓட்டமும் உண்டு. அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் கிடைத்தன. அவற்றில் மிக நீண்டது 800 மீட்டர்.

அதன் இறுதிப் போட்டியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனை படைத்தார். இரண்டாவது வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிதோமி. 100 மீட்டரில் இறுதிக்கு வர முடியாமல் போனதால், அதுவரை போட்டியில் ஓடியறியாத 800 மீட்டரில் துணிந்து இறங்கியவர். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் ஜப்பானியப் பெண். ஓடி முடித்ததும் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். உயிரைக் கொடுத்து ஓடினால் ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள். ஆனால் பத்திரிகைகள் வேறு கதை எழுதின. பதினொரு பேர் ஓடியதாகவும் ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டதாகவும் எழுதினார் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர். பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று முடிவு கட்டினார்கள். அடுத்த 32 ஆண்டுகள், 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 200 மீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லை. ஆண் களைத்தால் அது வீரம், பெண் களைத்தால் அது மருத்துவச் சான்று.

அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் அனுமதி கிடைக்கும் என்று காத்திருக்கவில்லை. 1966இல் பாபி கிப் புதருக்குள் ஒளிந்திருந்து, பாஸ்டன் மாரத்தான் தொடங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு காத்ரின் ஸ்விட்சர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டுப் பதிவு செய்து, 261ஆம் எண்ணோடு ஓடினார். நடுவழியில் ஓர் அதிகாரி பாய்ந்து அவர் எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். 1972இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 ஆனது.

அந்த முதல் மாரத்தானில் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட். நான் அதிகம் நினைப்பது 37ஆவதாக வந்தவரை. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் லாஸ் ஏஞ்சலஸ் வெயிலில் உடல் கோணித் தள்ளாடியபடி அரங்கத்துக்குள் வந்தார். யாராவது கை வைத்தால் அவர் ஓட்டம் செல்லாமல் போய்விடும். வேண்டாம் என்று கையசைத்து விலகினார். அவருக்கு இன்னும் வியர்க்கிறது என்பதைக் கவனித்த மருத்துவர்கள், தொடாமல் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. கோட்டைத் தாண்டிய பிறகே அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். 1928இல் தரையில் சாய்ந்ததைக் காட்டி ஓட்டத்தையே ஒழித்தார்கள். இந்த முறை பெண்கள் மாரத்தானை யாராலும் நிறுத்த முடியவில்லை.

இதற்காகப் பெண்ணுடம்பின் மேல் விசாரணை முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்ற நம் புதுக்கோட்டை சாந்தியிடமிருந்து, பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஓடியதும் அதே 800 மீட்டர்தான். அன்று களைத்தவர்களைப் பார்த்து 'பெண்ணால் முடியாது' என்றார்கள். முடித்துக் காட்டியவரிடம் 'நீ பெண்தானா' என்றார்கள்.

மீதி இரண்டு கிலோமீட்டரும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து விழுந்தாள். என் கை பதறி நீண்டது. அதை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் இருபது முப்பது சிறுமிகள் அப்படித்தான் கிடந்தார்கள். அதைப் பார்த்து யாரும் எந்த முடிவுக்கும் வரவில்லை.

சற்று நேரம் கழித்து அவளே எழுந்தாள். "அங்கே வாழைப்பழம் கொடுக்கறாங்களாம், உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரவா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள்.