கால் டன் உப்பு எங்கே போச்சு?

மரக்காணத்துல ஒரு உப்பு வியாபாரிக்கு பிஎச்பி 5-ல் லோடு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். விண்டோஸ் மெஷின், அதில் அப்பாச்சி. அதே மெஷினில் பாண்டிச்சேரி நண்பர் ஒருத்தருக்காக ஒரு பிரெஞ்சு பக்கமும் ஓடிக்கிட்டிருந்தது. எப்போதாவது ஒரு நாள், 9.25 டன் லோடு பில்லில் வெறும் 9 டன்னாகிவிடும். டைப் அடிச்ச பையனைத்தான் எல்லாரும் திட்டினோம். "கண்ணு எங்கடா இருக்கு?"ன்னு கேட்டதில் நானும் ஒருத்தன்.

உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வரப்பு இருக்கும் இல்லையா? யூனிக்ஸில் அப்பாச்சி 1.3 அப்படித்தான். ஒரு ப்ராசஸ் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் கவனிக்கும். விண்டோஸில் அந்த வரப்பு கிடையாது. ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட். பிஎச்பியும் அதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இதுக்காகவே 2000-ல் வந்த பிஎச்பி 4-ல் டிஎஸ்ஆர்எம் என்று ஒரு அடுக்கு சேர்த்தார்கள். பிஎச்பியோட பொது மாறிகளுக்கு த்ரெட்டுக்கு ஒரு தனி நகல். நல்ல ஏற்பாடுதான். ஆனா பிஎச்பி தொட்டுக்கொள்ளும் சி நூலகங்கள் எல்லாம் அப்படி எழுதப்பட்டதில்லையே! 2002 ஏப்ரலில் அப்பாச்சி 2.0 வந்து யூனிக்ஸிலும் த்ரெட்டைக் கொண்டுவந்தப்போ, நிஜமான தளங்களில் அதோடு பிஎச்பியை ஓட்டாதீங்க, ப்ரீஃபோர்க்கிலேயே இருங்க என்று பிஎச்பி கையேடு சொன்னது. சோம்பேறிங்கன்னு நினைச்சேன். தப்பு.

செட்லொகேல் என்ற அழைப்பு மொத்த ப்ராசஸுக்கும் ஒன்றுதான் என்று அதே கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது. நான் படிக்கலை :-( பிரெஞ்சு பக்கம் லொகேலை மாற்றிய அதே நொடியில் என் சீட்டுப் பக்கமும் ஓடினால், 9.25 என்பது 9,25 ஆகிவிடும். பிரெஞ்சில் தசமப் புள்ளிக்குக் கமாதானே! அந்த 9,25 மறைந்த ஃபீல்டு வழியா பில் பக்கத்துக்குப் போகும். அங்கே கமாவோடு எண் முடிஞ்சுது. 9 டன்.

ரெண்டு பிரவுசரைத் திறந்து வைச்சு மாறி மாறித் தட்டியதில், மூணாவது நாள் ராத்திரி கையும் களவுமாகப் பிடிச்சேன். வியாபாரிகிட்ட போய் ஒத்துக்கிட்டேன். பையன் அதுக்குள்ள வேலையை விட்டிருந்தான்.

2010 ஜூலையில் பிஎச்பி 5.3.3-ல் எஃப்பிஎம் சேர்ந்தது. அப்புறம் பலரும் இன்டர்பிரெட்டரை வெப் சர்வரை விட்டு வெளியே எடுத்து, தனித்தனி ப்ராசஸாக வைத்துக்கொண்டார்கள். திரும்பவும் வரப்பு! லொகேல் எதுவானாலும் தசமத்துக்குப் புள்ளியே வரும் என்று எக்கோ மாறியது 2020-ல், பிஎச்பி 8.0-ல்தான்.