கரியும் காஸும்: ஓர் அடுப்புச் சண்டையின் வரலாறு

சமயம், மொழி, நிலம் ஆகியவற்றின் பேரால் மனிதர் சண்டையிட்டுக்கொள்வதை நாம் அறிவோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடுப்பின் பேராலும் ஒரு சண்டை நடந்து வருகிறது. ஐந்து, ஆறு கிலோ எடையுள்ள மாட்டு நெஞ்சிறைச்சியை அல்லது முழுப் பன்றித்தோளை மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும் ‘பாபிகியூ’ முறைக்குக் காஸ் அடுப்பு ஏற்றதா, மரக்கரி அடுப்பு ஏற்றதா என்பதே அந்த வழக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதி வரும் எனக்கு, இத்தகைய வழக்குகளில் வெளியே பேசப்படும் காரணம் ஒன்று, உள்ளே கிடக்கும் காரணம் வேறொன்று என்ற ஐயம் எப்பொழுதும் உண்டு. அந்த ஐயத்துடனேயே இதன் வரலாற்றையும் நோக்கினேன்.

கரீபியன் தீவுகளின் பூர்வீகக் குடிகளான தைனோ மக்கள், மரக்கொம்புகளால் பரண் கட்டி, அதன் கீழ் மெல்லிய தீ மூட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டினர். அப்பரணின் பெயரை 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் ‘பர்பக்கோவா’ என்று எழுதி வைத்தனர். பாபிகியூ என்ற சொல்லின் மூலம் இதுவே. தைனோ சமூகம் நோயாலும் அடிமை வேலையாலும் சிதைந்து போயிற்று. அவர்களது சொல் மட்டும் உலகெங்கும் பரவிற்று.

வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் இது பெருவிருந்தாக உருமாறியது. 1769ஆம் ஆண்டு மே மாதம் அலெக்ஸாண்ட்ரியா நகரில் ஒரு பாபிகியூவுக்குச் சென்று இரவு தங்கியதாக ஜோர்ஜ் வாஷிங்டன் தமது நாட்குறிப்பில் எழுதியுள்ளார். விருந்தினரின் பெயர்கள் இவ்வாறு ஏட்டில் ஏறின. நீண்ட குழி தோண்டி, கட்டை எரித்துத் தணலாக்கி, இராமுழுதும் கண்விழித்து முழு விலங்குகளை வாட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்கர். அவர்களுள் மிகப் பலரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னர், அக்கைவினையையே மூலதனமாகக் கொண்டு பல கறுப்பினத்தவர் சாப்பாட்டுக் கடைகளைத் தொடங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது.

டெக்ஸாஸின் கதை சற்று வேறானது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய ஜேர்மானிய, செக் இறைச்சிக் கடைக்காரர்கள், விற்காமல் எஞ்சிய இறைச்சி பழுதாகாதிருக்கப் புகையிட்டனர். அதை வாங்கித் தாளில் வைத்து அங்கேயே உண்டவர்களில் பருத்தி பறிக்க வந்த கறுப்பின, மெக்சிக்கக் கூலியாட்களும் இருந்தனர். 1900இல் தொடங்கிய குரோய்ட்ஸ் மார்க்கெட் போன்ற கடைகளால் லொக்ஹார்ட் என்ற சிற்றூர் பெயர் பெற்றது. 1999இல் டெக்ஸாஸ் சட்டமன்றத்தின் கீழவை அவ்வூரை மாநிலத்தின் பாபிகியூ தலைநகராக அறிவித்துத் தீர்மானமே நிறைவேற்றியது.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. இதுவரை கூறிய இடங்களில் அடுப்பில் எரிந்தது விறகு. கடையில் பையாக விற்கும் கரி பின்னர் வந்தது. கரித்தூளை அச்சிலிட்டுக் கட்டியாக்கும் முறைக்குப் பென்சில்வேனியாவைச் சேர்ந்த எல்ஸ்வர்த் ஸ்வோயர் 1897இல் காப்புரிமை பெற்றார். அதனை வீட்டுப் பொருளாக்கியவர் ஹென்றி ஃபோர்ட். அந்நாளில் மோட்டார் வண்டிகளுக்கு மரம் ஏராளமாகத் தேவைப்பட்டது. மிச்சிகன் மாநிலத்திலிருந்த அவரது மர ஆலையில் குவிந்த கழிவுகளை 1920களில் கரிக்கட்டியாக்கி, தமது வாகன விற்பனை நிலையங்கள் வழியாகவே விற்பித்தார். 1951இல் அத்தொழில் கைமாறி ‘கிங்ஸ்ஃபோர்ட்’ என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டே சிக்காகோவுக்கு அருகில் உலோகத் தொழிற்கூடமொன்றில் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக்கி மூடியுள்ள அடுப்பொன்றை அமைத்தார். அதுவே ‘வெபர்’ அடுப்பு. இன்று பழைமையின் சின்னமாகப் போற்றப்படும் கரியடுப்பு, இவ்வாறு தொழிற்சாலைக் கழிவிலும் உலோகத் தகட்டிலும் பிறந்த நவீனப் பண்டமே. காஸ் அடுப்பு 1960களில் வீட்டு முற்றங்களுக்கு வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் விற்பனையில் கரியை முந்தியது.

இனி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நெஞ்சிறைச்சி நாள் முழுதும் உழைக்கும் தசை. அதில் கொலாஜன் என்ற இணைப்பிழை மிகுதி. சுமார் 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வைத்தால்தான் அது உருகி ஜெலற்றினாகி, இறைச்சி மிருதுவாகும். இறைச்சியின் உள்வெப்பம் 65 முதல் 75 பாகை வரையிலான கட்டத்தில் மணிக்கணக்கில் உயராமல் நிற்கும். மனித உடலை வியர்வை குளிர்விப்பதுபோல, மேற்பரப்பில் ஆவியாகும் நீர் இறைச்சியைக் குளிர்விப்பதே காரணம். இதில் கரியும் காஸும் ஒன்றே. வெப்பத்துக்குச் சாதி கிடையாது. சொல்லப்போனால், வெப்பத்தைச் சீராக வைத்திருப்பதில் காஸுக்கே வாய்ப்பு அதிகம்.

வேறுபாடு புகையில் உள்ளது. மரத்திலுள்ள லிக்னின் எரியும்போது தோன்றும் குவாயக்கோல், சிரிங்கோல் முதலிய சேர்மங்களே புகைச்சுவையைத் தருகின்றன. காஸ் எரிந்தால் முக்கியமாகக் கரியமிலவாயுவும் நீராவியும்தான் மிஞ்சும், மணமில்லை. ஆயின், நன்றாக முற்றிய கரியிலும் லிக்னினின் பெரும்பகுதி சூளையிலேயே போய்விடுகிறது என்பதைக் கரிக்கட்சியினர் பேசுவதில்லை. இரு அடுப்பிலும் ஓக், ஹிக்கறி போன்ற மரத்துண்டுகளைத் தனியே இட்டாக வேண்டும். கரியடுப்பின் உண்மையான நன்மை அதன் கட்டமைப்பிலேயே உள்ளது. காற்றுத் துவாரங்களைக் குறுக்கித் தீயை அடக்கலாம். புகை உள்ளே தங்கும். காஸ் அடுப்பிலோ வாயு தேங்கி ஆபத்து விளையாதபடி திறப்புகள் அகலமாக வைக்கப்படுவதால் புகை வந்த வேகத்தில் வெளியேறுகிறது. மேலும், ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இறைச்சியிலேயே புகை நன்றாகப் படியும். ஆகவே முதல் சில மணித்தியாலம் மரப்புகையில் வைத்து, பின்னர் தாளில் சுற்றிக் காஸில் முடித்தால் சுவையில் பெரிய குறைவு நேராது. வழக்கு விஞ்ஞானத்துடன் நின்றிருந்தால் இவ்விடத்தில் தீர்ந்திருக்கும்.

தீராததற்குக் காரணம், விறகடுப்புக்கு இராக்காவல் ஓர் ஆள் வேண்டும் என்பதுதான். 1970களிலிருந்து காஸால் சூடாகி, பெயருக்கு ஒரு கட்டை மட்டும் எரியும் பெரிய உருக்குப் பெட்டிகள் உணவகங்களுக்கு வந்தன. ஆளில்லாமலே பொழுது விடிய இறைச்சி வெந்திருந்தது. இதனை எதிர்த்து, 2013இல் வட கரோலினாவில் ஜோன் ஷெல்டன் ரீட், டான் லெவின் ஆகிய இருவர் விறகையும் விறகுத் தணலையும் கைவிடாத கடைகளைப் பாராட்டும் இயக்கமொன்றைத் தொடங்கினர். இவர்களது கவலை நியாயமானது. எனினும், தணலுக்கு முன் விடியவிடிய நின்று நுரையீரலில் புகை நிரப்பிக்கொண்டவர்களின் வாரிசுகள், அந்த வேலை ஒழிந்ததற்காக மகிழ்ந்திருந்தால் அதையும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட வேதனையானது வேறொன்று. பாபிகியூ மதிப்புமிக்க கலையாகிப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் இடம்பிடித்தபோது, அதில் தோன்றிய முகங்கள் பெரும்பாலும் வெள்ளையரின் முகங்களாக இருந்தன. எட்ரியன் மில்லர் 2021இல் வெளியிட்ட ‘பிளாக் ஸ்மோக்’ என்ற நூல் இந்த மறதியையே சுட்டிக்காட்டுகிறது. 2018இல் தென் கரோலினாவின் கறுப்பினச் சமையற்காரரான ரொட்னி ஸ்கொட், ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றமை சிறிய பரிகாரம் எனலாம்.

2022இல் காஸ் சிலிண்டருக்காக வீதியோரங்களில் காத்துக்கிடந்து, ஈற்றில் விறகுக்கும் சிரட்டைக்கரிக்கும் திரும்பிய இலங்கையர் நாம். எரிபொருளை மனிதர் எப்போதும் சுவைக்காகத் தெரிவு செய்வதில்லை என்பது நமக்குத் தெரியும். விடுமுறை நாளில் கரியா காஸா என்று விவாதிப்பது வசதி உள்ளவரின் உரிமை, அதில் தவறில்லை. விருந்தில் உண்டவர் யார் என்று நாட்குறிப்பு சொல்கிறது. தீயைக் காத்தவர் யார் என்பதையும் கேட்டு எழுதுவது எழுதுகிறவனின் கடமை என்பேன்.